மைக்ரோ சி.டி. படத்துக்கு மாதிரி அனுப்பும் முன்

வேலூரில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உயர் துல்லிய எக்ஸ்ரே படமெடுக்கும் மைக்ரோ சி.டி. கருவியை இயக்கும் பணியில் இருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்தும், பல் மருத்துவ மாணவர்களிடமிருந்தும், பாலாற்றுப் படுகை மண்ணை ஆராய்பவர்களிடமிருந்தும் எங்களுக்கு மாதிரிகள் வருகின்றன. கூடவே வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே வேண்டுகோள் இருக்கும்: இயன்ற அளவு அதிகத் துல்லியத்தில் படமெடுத்துத் தர வேண்டும். அந்த வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றினால் ஆய்வுக்கு நன்மையைவிட இழப்பே அதிகம் என்பதை மாதிரி அனுப்புவோர் அறிந்திருக்க வேண்டும்.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையைப் பிடித்தால், கை விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் விழும் நிழல் பெரிதாகும். சுடர் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மங்கும். மைக்ரோ சி.டி. கருவியும் இந்த விதிப்படியே இயங்குகிறது. எக்ஸ்ரே புறப்படும் புள்ளி சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறியதாக இருப்பதால், மாதிரியை அதன் அருகில் வைத்துப் பெரிதாக்கினாலும் ஓரங்கள் கூர்மையாக நிற்கின்றன. மாதிரியைச் சிறிது சிறிதாகச் சுழற்றி நூற்றுக்கணக்கிலும், சில வேளை ஆயிரத்துக்கு மேலும் நிழற்படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றைக் கணினி ஒன்றிணைத்து முப்பரிமாண உருவமாக்குகிறது.

துல்லியத்தின் எல்லையை வகுப்பது மாதிரியின் அகலம். நிழலை வாங்கும் டிடெக்டரின் அகலத்தில் 2000 பிக்சல்கள் இருப்பதாகக் கொண்டால், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருள் முழுவதும் படத்துக்குள் அடங்கும்போது ஒரு பிக்சலின் பங்கு 10 மைக்ரான் ஆகிவிடும். 1 மைக்ரான் வேண்டுமென்றால் பொருளின் அகலம் 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அத்துடன், ஒரு நுண்ணமைப்பை நம்பிக்கையுடன் அளக்க அதன் குறுக்கே குறைந்தது இரண்டு மூன்று பிக்சல்களாவது வேண்டும் என்பதால், 10 மைக்ரான் படத்தில் 10 மைக்ரான் விரிசலைத் தேடுவது பயனற்றது. ஒரே பொருளை இரு மடங்கு துல்லியத்தில் எடுத்தால் தரவு எட்டு மடங்காகும். ஒவ்வொரு திசையிலும் 2000 புள்ளிகள் கொண்ட ஒரு படமே, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், 16 ஜிகாபைட் இடத்தை நிரப்புகிறது.

எங்கள் வட்டாரத்துக்கு நெருக்கமானது தோல் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் நார்க்கற்றைகள் பல பத்து மைக்ரான் தடிமன் கொண்டவை. அவற்றுக்குள் இருக்கும் நார்கள் சில மைக்ரான் அளவுள்ளவை. அந்த நார்களை ஆக்கும் நுண்ணிழைகளோ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆனவை. கற்றைகளின் பின்னலையும் இடைவெளிகளையும் எங்கள் கருவி தெளிவாகக் காட்டும். நுண்ணிழைகளுக்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கியே தேவை. அதற்காக எங்களிடம் வருவது வீண் அலைச்சல். குரோம் பதனிட்ட தோலில் உள்ள குரோமியம் எக்ஸ்ரேயைக் கூடுதலாக உறிஞ்சுவதால் அது பச்சைத் தோலைவிட நன்றாகத் துலங்குகிறது.

ஈரமான மாதிரியை அனுப்புவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். படமெடுக்கும் சில மணி நேரத்தில் மாதிரி உலர்ந்து சுருங்கினால், முதல் நிழற்படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போய் உருவம் முழுவதும் மங்கிவிடும். வேலூரின் கோடையில் வழியிலேயே மாதிரி பாதி காய்ந்துவிடுகிறது. எனவே, நனைத்த பஞ்சுடன் சிறு பிளாஸ்டிக் குழாயில் இறுக மூடி, குளிர்ச்சியாக எடுத்துவருவது அவசியம். பிடுங்கிய பல்லுக்கு இந்தத் தொல்லை குறைவு. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் மறைந்திருக்கும் கூடுதல் வேர்க்குழலைக் காண 20 மைக்ரான் அளவே பெரும்பாலும் போதுமானது. ஆனால் உலோக அடைப்பு உள்ள பல் என்றால் படத்தில் கோடுகள் பரவி அருகிலிருப்பதை மறைத்துவிடும்.

படமெடுத்த மாதிரியைத் தொடவே அஞ்சுவோர் உண்டு. எக்ஸ்ரே நின்ற கணத்தில் கதிர்வீச்சும் நின்றுவிடுகிறது. மாதிரியில் எதுவும் தங்குவதில்லை. கருவி ஈயக் கவசப் பெட்டிக்குள் இருக்கிறது. கதவு திறந்தால் எக்ஸ்ரே தானாக நின்றுவிடும். பணியாளர்கள் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்றும், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்றும் வரம்பு விதித்திருக்கிறது. பாதுகாப்புப் பூட்டை மீறச் சொல்லி எவர் அவசரப்படுத்தினாலும் நாங்கள் இணங்குவதில்லை.

மருத்துவமனை ஸ்கேனில் தெரியாத எலும்புத் தேய்மானத்தை இங்கே பார்க்க முடியுமா என்று நோயாளிகளின் உறவினர் கேட்கும்போது மனம் கனக்கிறது. எலும்பின் உட்பஞ்சுச் சட்டங்கள் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அளவே கொண்டவை. சுமார் அரை மில்லிமீட்டர் துல்லியமுள்ள மருத்துவமனை சி.டி. அவற்றைத் தனித்தனியாகக் காட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கருவியில் பொருளே சுழல வேண்டும்; துல்லியம் கூடும்போது கதிர் அளவும் பல மடங்கு ஏறும். உயிருள்ள மனிதரை இதில் வைக்கவே இயலாது.

ஆகவே மாதிரியுடன் வரும் கடிதத்தில், காண வேண்டிய மிகச் சிறிய அமைப்பின் அளவு, மாதிரியின் நீள அகலம், அது ஈரமா உலர்வா, உள்ளே உலோகம் உண்டா, சிறு துண்டாக வெட்டலாமா என்ற விவரங்கள் இருக்கட்டும். வெட்டக் கூடாத மாதிரியாக இருந்தால் முதலில் முழுப் பொருளையும் குறைந்த துல்லியத்தில் எடுத்து, வேண்டிய இடத்தை மட்டும் பின்னர் நெருங்கிப் பார்க்கும் வழியும் எங்களிடம் உண்டு. அதற்குக் கருவியில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.