ஆங்கர்: நங்கூரம் அல்ல, முளை

சுரங்கப்பாதை வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கென்று தமிழில் அச்சிட்டுக் கொடுக்கப்படும் பாதுகாப்புத் தாள்களில் ‘நங்கூரத்தைப் பொருத்தும் முன் துளையைச் சுத்தம் செய்யவும்’, ‘தளர்ந்த நங்கூரங்களை உடனே தெரிவிக்கவும்’ போன்ற வாக்கியங்களைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. கடலைப் பார்க்க ஏறத்தாழ 140 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டிய வேலூரில், மழைக்காலம் போனால் மணல் மட்டுமே மிஞ்சும் பாலாற்றங்கரையில் வளர்ந்து, காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சென்னை மெட்ரோ போன்ற பணிகளுக்குப் போகிற பிள்ளை, தரைக்கடியில் நின்றுகொண்டு எந்த நங்கூரத்தைத் தேடுவான்? அவன் தேடுவதில்லை என்பதே உண்மை. மேஸ்திரி ‘ஆங்கர்’ என்கிறார். அவனும் ‘ஆங்கர்’ என்கிறான். தாளில் உள்ள தமிழ் தாளிலேயே கிடக்கிறது.

பொருளை முதலில் சொல்லிவிடலாம். சுரங்கப்பாதையைத் தோண்டியபின் மண்ணும் பாறையும் நீரும் உள்ளே வராதபடி உட்புறம் முழுவதும் கான்கிரீட்டாலோ வார்ப்பிரும்பாலோ வளையம் வளையமாக ஓர் உள்ளுறை அமைக்கிறார்கள். பிறகு அந்த உள்ளுறையின்மீது மின்கம்பித் தாங்கிகள், விளக்குகள், தீயணைப்பு நீர்க்குழாய், காற்றை உந்தும் விசிறிகள், சைகைப் பெட்டிகள், அவசர நடைபாதை எனப் பலவற்றை மாட்ட வேண்டியிருக்கிறது. சென்னை மெட்ரோவின் சுரங்கங்களில் ரயிலுக்கு 25,000 வோல்ட் மின்சாரம் தரும் விறைப்பான கடத்தித் தண்டும் முகட்டிலிருந்துதான் தொங்குகிறது. மாட்டப்படும் பொருளுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நின்று, பொருளின் பாரத்தைக் கான்கிரீட்டுக்குள் கொண்டு சேர்க்கும் உலோகத் துண்டுக்கே ஆங்கர் என்று பெயர்.

சொல்லின் பிறப்பு நீண்ட கதையன்று. கிரேக்கத்தின் ‘அங்குரா’ இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வளைவு, கொக்கி என்பது அதன் வேர்ப்பொருள். யானைப்பாகன் கையிலுள்ள அங்குசமும் அதே வேரிலிருந்து வடமொழியில் முளைத்த உறவுச்சொல்தான். நம்முடைய நங்கூரமோ பாரசீகத்தின் ‘லங்கர்’. தெலுங்கர்கள் இன்றும் ‘லங்கரு’ என்கிறார்கள். லகரம் மொழிக்கு முதலில் வாராது என்ற மரபால் அது தமிழில் நகரமாயிற்று. ஆகவே நங்கூரம் என்று எழுதுவதால் தமிழ் வளர்கிறது என்று எண்ணுவோர், ஓர் அயற்சொல்லை விலக்கி இன்னோர் அயற்சொல்லை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. எனக்கு அதில் வருத்தமில்லை. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக எந்தச் சொல்லையும் நான் தள்ளுவதில்லை. என் வழக்கு வேறு: நங்கூரம் செய்கிற வேலையும் இந்த ஆங்கர் செய்கிற வேலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

கப்பலின் நங்கூரம் கடலடி மண்ணைக் கவ்விப் பிடிப்பது, சங்கிலி ஏறக்குறையக் கிடைமட்டமாக இழுக்கும்போதுதான். பிடி விட வேண்டுமானால் கப்பலை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து சங்கிலியைச் செங்குத்தாக இழுப்பார்கள். உடனே அது பெயர்ந்து மேலே வந்துவிடும். வேண்டும்போது இறக்கி, வேண்டும்போது எடுத்துவிடுவதற்கென்றே அமைந்த கருவி அது. சுரங்க முகட்டில் இருக்கும் ஆங்கரை எண்ணிப் பாருங்கள். அதன் தண்டின் திசையிலேயே, நேர் கீழ்நோக்கி, இரவும் பகலும் பாரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு ரயில் கடக்கும்போதும் காற்றழுத்தம் ஏறி இறங்கி, விசிறிகளையும் தாங்கிகளையும் உலுக்குகிறது. எந்தத் திசையில் இழுத்தால் நங்கூரம் கழன்றுவிடுமோ அந்தத் திசையிலேயே இது ஆண்டுக்கணக்கில் கழலாமல் நிற்க வேண்டும். கழன்றே தீரவேண்டிய ஒன்றின் பெயரைக் கழலவே கூடாத ஒன்றுக்கு வைத்துவிட்டு, ‘உவமையாகுபெயர்’ என்று இலக்கணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆங்கிலேயரும் கப்பலின் சொல்லைத்தானே கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள், நாம் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பார்கள். கொண்டுவந்தார்கள், கடலோடிகளின் மொழி அது, கப்பற்சொற்கள் தரையேறுவது அங்கே இயல்பு. ஆனால் ஒரு மொழி தன் பழக்கத்தால் நீட்டிக்கொண்ட பொருளை நாம் சொல்லோடு சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று விதி ஏதும் உண்டா? தொலைக்காட்சியில் நிகழ்ச்சியை நடத்துபவரையும் ஆங்கிலத்தில் ஆங்கர் என்றுதான் அழைக்கிறார்கள். அவரை நாம் ஒருநாளும் நங்கூரம் என்று அழைத்ததில்லை. தொகுப்பாளர் என்றோம், நெறியாளர் என்றோம். அங்கே செய்கிற வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்கு, சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மட்டும் ஏன் அகராதியின் முதல் பொருளே கண்ணில் படுகிறது?

குடியாத்தத்துத் தமிழாசிரிய நண்பர் ஒருவர், நங்கூரம் வேண்டாமென்றால் ‘நிலைநிறுத்தி’ என்று சொல்லலாமே என்றார். தூய தமிழ், குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டைச் சுவரும் நிலைநிறுத்தி, கயிறும் நிலைநிறுத்தி, முட்டுக்கொடுக்கும் கழியும் நிலைநிறுத்தி. என்ன பயன் என்பதை அச்சொல் சொல்கிறதே ஒழிய எப்படிப்பட்ட பொருள் என்று சொல்லவில்லை. கலைச்சொல் படைப்போர் பலரிடம் இந்தக் குறை உண்டு: வினைச்சொல் ஒன்றை எடுத்து இகரம் சேர்த்துவிட்டால் கருவிப்பெயர் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். பொருத்தி, இணைப்பி, பிணிப்பி, நிறுத்தி என்று வரிசையாக நாலு ‘இ’கள் ஒரே பக்கத்தில் நின்றால் எது எதைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே மறுநாள் நினைவிருக்காது.

நான் முன்வைக்கும் சொல் முளை. புதிதாக எதையும் ஆக்கவில்லை, இருப்பதை எடுக்கிறேன். பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் மாட்டைக் கட்ட அடிப்பது முளை. மனைபோடும்போது மேஸ்திரி நான்கு மூலையிலும் அடித்து நூல் பிடிப்பது முளை. இவையிரண்டும் மண்ணில் அடித்துப் பிறகு பிடுங்குபவை, நங்கூரத்துக்குச் சொன்ன குறை இவற்றுக்கும் பொருந்துமே என்று ஒருவர் கேட்கலாம். அவருக்குப் பதில் வீட்டிலேயே இருக்கிறது. மாவு திரிக்கும் ஏந்திரத்தின் அடிக்கல் நடுவில் துளையிட்டு, அசையாதபடி இறுக்கிப் பதித்த இரும்புத் தண்டுக்கும் முளை என்றுதான் பெயர். கல்லில் துளை, துளையில் இரும்பு, தலைமுறை தலைமுறையாக ஆட்டம் காணாத பிடி: சுரங்கத்தில் செய்வதும் இதைத்தானே? ஒன்றைத் துளைத்து உள்ளே செலுத்தி, சுற்றியுள்ள பொருளின் பிடியால் அங்கேயே நிற்கவைப்பது என்பதே முளையின் அடிப்படைப் பொருள். எவ்வளவு காலம், எந்தத் திசையில் என்பதை அச்சொல் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. விதையின் முளையோடு குழம்பும் என்ற அச்சம் வீண். கான்கிரீட்டில் விதை முளைக்கிறது என்று எவரும் படிக்க மாட்டார்கள்.

இச்சொல்லின் பெரிய நன்மை, அது அடைமொழியை எளிதில் ஏற்கிறது என்பது. கான்கிரீட் வார்க்கும்போதே அச்சுக்குள் வைத்துப் புதைத்துவிடுவது புதைமுளை. பிறகு துளையிட்டுச் செருகி, போல்ட்டை முடுக்க முடுக்க அடியில் உள்ள உறை அகன்று துளையின் சுவரை நெருக்கிப் பிடிப்பது விரிமுளை. துளையில் பிசினை நிரப்பித் தண்டைச் செருகி இறுகவைப்பது பசைமுளை. தானே மரை வெட்டிக்கொண்டு நுழைவது திருகுமுளை. இவற்றையே நங்கூரத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: விரிவாக்க நங்கூரம், இரசாயன நங்கூரம். பாதுகாப்புத் தாளில் இப்படித்தான் இருக்கிறது. படிப்பவனுக்கு எது எப்படிப் பிடிக்கிறது என்ற குறிப்பு எங்கேயாவது கிடைக்கிறதா?

அந்தக் குறிப்பு கிடைக்காமல் போவது சிறு விஷயமன்று. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரையிலிருந்து கான்கிரீட் பலகைகள் ஒரு காரின்மேல் விழுந்து, அதில் இருந்த ஒரு பெண்மணி இறந்தார். பலகைகளைத் தாங்கியிருந்தவை பசைமுளைகள். பயன்படுத்திய எப்பாக்சிப் பிசின் சீக்கிரம் இறுகும் வகை. நீடித்த இழுவையில் அது மெல்ல மெல்ல நெகிழ்ந்து, தண்டுகள் துளையிலிருந்து நழுவிவிட்டன என்று விசாரணை கண்டது. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் யமனாஷி மாநிலத்தில், 1977-இல் திறக்கப்பட்ட சசாகோ சுரங்கத்தில், 130 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கூரைப் பலகைகள் சரிந்து ஒன்பது பேர் மாண்டார்கள். அங்கும் முகட்டில் பசையால் பிடித்திருந்த போல்ட்டுகளே கைவிட்டன. பசைமுளையின் துளையில் தூசி தங்கினால் பசை கான்கிரீட்டைப் பற்றாமல் தூசியைப் பற்றிக்கொள்ளும்; அதனால்தான் ஊதி, தூரிகையிட்டுத் தேய்த்து, மறுபடியும் ஊதச் சொல்கிறார்கள். ‘பசை’ என்ற சொல் பெயரிலேயே இருந்தால் ஏன் ஊத வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நங்கூரத்தை ஏன் ஊத வேண்டும்?

துளையிடுவதிலும் அப்படியே. முன்வார்ப்புத் துண்டுகளால் ஆன உள்ளுறையில், துண்டுகள் சேரும் மூட்டின் ஓரமாக நீர் புகாமல் தடுக்கும் ரப்பர்ப் பட்டை ஓடுகிறது. அதனருகே துளையிடக் கூடாது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பியையும் வெட்டக் கூடாது. கான்கிரீட்டுக்குப் பின்னால் நீர்த்தடுப்புப் படலம் வைத்த சுரங்கமானால் குறித்த ஆழத்துக்கு ஒரு விரற்கடை அதிகம் போனாலும் படலம் கிழிந்து, எங்கிருந்து கசிகிறதென்று தெரியாத கசிவு தொடங்கிவிடும். இந்தத் தொல்லைகளுக்காகவே இப்போது வளையத்தின் வளைவுக்கேற்ப வளைத்த உலோகச் சால்களை வார்க்கும்போதே புதைத்துவிடுகிறார்கள். வேண்டிய இடத்தில் தலையகன்ற போல்ட்டைச் சாலில் நுழைத்துத் திருப்பினால் போதும், துளையே வேண்டாம். இதைப் புதைசால் என்று சொல்லலாம். லண்டனின் பழைய ஆழ்சுரங்கங்களில் வார்ப்பிரும்பு வளையங்களின் விளிம்புகள் உள்நோக்கி நீண்டு, போல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தன. அந்தப் போல்ட்டுகளிலேயே தாங்கிகளை மாட்டிக்கொள்ள வசதி இருந்தது. அங்கே முளைக்கு வேலை குறைவு.

நங்கூரம் தனியாக வந்ததில்லை, கூட்டத்தோடு வந்திருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். உள்ளுறையைப் ‘புறணி’ என்று எழுதுகிறார்கள். புறணி என்றால் மேல்தோல், மரப்பட்டை, வெளிப்பக்கம். பேச்சில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் பேசுவது. சுரங்கத்தின் உட்புறத்தில் போர்த்துவதற்குப் புறத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்தவர், சொல்லின் முதலெழுத்தைக்கூடக் கேட்டுப்பார்க்கவில்லை. வளைவின் உச்சிக்கு முகடு என்ற அருமையான சொல் இருக்க, ‘கிரீடம்’ என்று வருகிறது. ‘கிரீடத்தில் விரிசல் உள்ளதா எனப் பார்க்கவும்’ என்று படித்த இளைஞன் அரண்மனைக்கா போவான்? எல்லாவற்றையும் தூக்கி அடித்தது, சுரங்கத்துள் குழாய், கம்பி, விளக்கு முதலியவற்றைப் பொருத்துவது பற்றிய பகுதிக்கு இட்ட தலைப்பு: ‘சுரங்கப்பாதைச் சேவைகளைச் சரிசெய்தல்’. பொருத்துவதைப் பழுதுபார்ப்பது என்றும், குழாய் கம்பிகளைச் சேவை என்றும் ஒரே வரியில் இரு பிழை. இயந்திரம் மொழிபெயர்த்ததை மனிதர் ஒருமுறையேனும் படித்திருந்தால் இது அச்சுக்குப் போயிருக்காது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, மறுநாள் காலைக்குள் கேட்கிறவர்களுக்கும் இதில் பங்குண்டு.

இந்தச் சொற்களெல்லாம் தாளில் மட்டுமே வாழ்வதால் தீங்கில்லை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தாளைப் படித்துக் கையெழுத்திட்டான் என்பதே பிறகு அவனுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்போது, தாளில் உள்ளது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டுமா இல்லையா? புரியாத தமிழைவிடப் புரிந்த ‘ஆங்கர் போல்ட்’ நூறு மடங்கு மேல். முளை என்று எழுத மனமில்லாதவர் ஆங்கர் என்றே எழுதட்டும்; நங்கூரத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிடட்டும். எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் சுவரில் துளையிட்டுச் செருகும் பிளாஸ்டிக் உறையை இன்றும் ‘ராவல் பிளக்’ என்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களில் மின்பொருத்திகளை உறுத்தாமல் மாட்ட வழி தேடிய ராலிங்ஸ் என்பவர் 1911-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய உறையின் வணிகப்பெயர் அது. நூறு ஆண்டுகளில் அது வேலூர் கடைத்தெருவில் சாதாரணப் பண்டத்தின் பெயராகிவிட்டது. எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கப் போவதுமில்லை.

பசைமுளையில் மட்டும் ஒரு சிறு இழுபறி மிச்சமிருக்கிறது. களத்தில் அதைக் ‘கெமிக்கல்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கிறார்கள்: ‘கெமிக்கல் போட்டாச்சா’, ‘கெமிக்கல் காயட்டும்’. பசை என்றால் தபால் உறை ஒட்டும் கோந்துதான் நினைவுக்கு வருகிறது, இவ்வளவு பாரம் தாங்குமா என்ற நம்பிக்கை வரவில்லை என்று ஒரு மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். நம்பிக்கை சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது என்பேன். இழுத்துச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் அப்போதுதான் வரும். ஆனால் அவர் ‘கெமிக்கல் முளை’ என்று எழுதினாலும் நான் திருத்த மாட்டேன்.