துணிமேல் எழும்பும் கோடுகள்

நாடகத்தில் வீரன் அணிந்துவரும் மார்புக் கவசத்தில் கொடியும் இலையுமாக வேலைப்பாடு புடைத்து நிற்கும். தூரத்தில் பார்த்தால் உலோகத்தில் செதுக்கியது போலிருக்கும். தொட்டால் மெத்தென்று அமுங்கும். அது பஃப் பெயிண்ட்டால் வரைந்ததாக இருக்கலாம். துணியில் தீட்டிச் சூடு காட்டினால் உப்பி எழும் சாயம் இது. இரண்டு மில்லிமீட்டர் எழும்பினாலே போதும், பக்கவாட்டில் விழும் மேடை விளக்கு அதற்கு நிழல் கொடுத்துவிடும்.

கறுப்புப் பருத்தித் துணியில் ஓர் இலையை வரைந்து, ஒரு நாள் காயவிட்டு, மேலே சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடித்தேன். முதல் சில விநாடிகள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கோட்டின் பளபளப்பு மங்கியது, ஓரம் சிலிர்த்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நரம்பு நரம்பாக இலை எழுந்து நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

எழுப்புவது சாயத்தில் கலந்திருக்கும் நுண்கோளங்கள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் ஓடு. உள்ளே ஐசோபியூட்டேன் போன்ற, எளிதில் ஆவியாகும் ஒரு துளி திரவம். ஐசோபியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 12 டிகிரி செல்சியஸ். அறை வெப்பத்திலேயே அது ஆவியாகத் துடிக்கிறது, இறுகிய ஓடு விடுவதில்லை. சூடு சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது ஓடு இளகுகிறது, உள்ளிருக்கும் வாயு அதைப் பலூன்போல் ஊதுகிறது. 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள கோளம் 40 மைக்ரான் ஆகிறது என்றால் கன அளவு ஏறத்தாழ 37 மடங்கு! 2 மைக்ரான் தடிமனாக இருந்த ஓடு 0.1 மைக்ரானாக மெலிந்துவிடும்.

ஆறியதும் ஏன் பழையபடி சுருங்குவதில்லை? வாயுவின் அழுத்தம் குறைவதற்குள், விரிந்த நிலையிலேயே ஓடு இறுகிவிடுகிறது. சுற்றியுள்ள அக்ரிலிக் பசை கோளங்களை நூலிழைகளோடு பிடித்து வைக்கிறது.

ஓடு அவ்வளவு மெலிந்துபோவதால்தான் அளவுக்கு மீறிய சூடு ஆபத்து. வாயு கசிந்து வெளியேறும், எழுந்த கோடு அமுங்கிச் சுருங்கும். மறுபடி சூடாக்கினாலும் எழாது, ஊதுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. எழுச்சி நின்ற கணத்தில் சூட்டை விலக்கிவிட வேண்டும். காயாத சாயத்தைச் சூடாக்குவதும் தவறு. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிவிட்டு மேற்பரப்பை வெடிக்க வைக்கும். இஸ்திரிப் பெட்டிதான் இருக்கிறது என்றால் துணியைத் திருப்பிப் பின்பக்கமாக, அழுத்தாமல் காட்டலாம். பாலியஸ்டர் துணி சூட்டில் சுருங்கக்கூடும், அதனால் முதலில் ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பாருங்கள்.

நிறம் வெளிறுவதும் இயல்பே. ஒவ்வொரு குமிழியும் ஒளியைச் சிதறடிப்பதால் அடர்சிவப்பு இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். அதனால் உடைக்கு வேண்டியதைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தையே எடுப்பேன். கோடு முழுக்க ஆறியபின், உலர்ந்த தூரிகையில் துளி பொன்னிறச் சாயம் தொட்டு மேலாக வருடினால் மேடுகள் மட்டும் மின்னும், பள்ளங்கள் இருண்டே கிடக்கும். இரண்டு மில்லிமீட்டர் மேடு அப்போது கண்ணுக்கு நான்காகத் தெரியும்.