எதிர்ப்பே இல்லாத கூட்டங்கள்

குடும்பத் தொழில் நிறுவனங்களுக்கு ஆலோசகராக அவர்களுடைய நிர்வாகக் கூட்டங்களில் உட்காருகிறேன். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று நெருங்கியவர்கள் கூடி முடிவெடுக்கும் இடங்கள் அவை. கடன் வாங்கி இரண்டாவது கிளை திறப்பது போன்ற பெரிய விஷயம் கால் மணி நேரத்தில் ஒருமனதாக முடிந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். உள்ளே தலையசைத்தவரே வாசலில் செருப்பு மாட்டும்போது, "இவ்வளவு வட்டி தாங்காது சார்" என்பார். அதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அண்ணன் மனம் நோகும் என்பார். பாசம்தான் அவர் வாயை அடைக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் இதைக் 'குழுச்சிந்தனை' என்று விளக்கினார். அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று, 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு. காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, நாட்டைவிட்டு வெளியேறிய கியூபர்கள் சுமார் 1,400 பேரை அங்கே இறக்க அமெரிக்க அதிபர் கென்னடியின் குழு ஒப்புக்கொண்டது. தோற்றால் எஸ்காம்ப்ரே மலைக்குத் தப்பிவிடலாம் என்று நம்பினார்கள். அந்த மலையோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, சதுப்பு நிலத்துக்கு அப்பால் இருந்தது. ஒருவராவது வரைபடத்தை விரித்துக் கேட்டிருக்க வேண்டாமா? மூன்றே நாளில் படை தோற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் தம் எதிர்ப்பைக் கென்னடிக்கு எழுதியே கொடுத்திருந்தார். கூட்டங்களில் பேசாமல் இருந்துவிட்டார்.

மறு ஆண்டு அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரியவந்தபோது நடந்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, வெளியுறவு அமைச்சர் ரஸ்க், பாதுகாப்பு ஆலோசகர் பண்டி என அதே ஆட்கள் பலர் அதே மேசையைச் சுற்றி இருந்தார்கள். நட்பும் குறையவில்லை. பேசும் முறை மாறியிருந்தது. கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. இரு அணிகளாகப் பிரிந்து, திட்டங்களை எழுதி, மாற்றிக்கொண்டு குறை கண்டுபிடித்தார்கள். குண்டு வீசுவதை விட்டுக் கடல்வழியை மறிக்கும் முடிவு அப்படித்தான் பிறந்தது.

நம் வீடுகளில் பெரியவரை எழுந்துபோகச் சொல்ல முடியாது. அவர் கடைசியாகப் பேசலாம். பேச்சு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு ஆட்சேபத்தையாவது பெயரில்லாமல் தாளில் எழுதித் தரட்டும். கணக்கு பார்க்கும் மருமகளுக்குத் தெரிந்த உண்மை பல நேரம் அந்தத் தாளில்தான் முதன்முதலாக வெளியே வருகிறது. கடன், நிலம், புதிய கிளை என்றால் முதல் கூட்டத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி கூடுங்கள்.