ஐடியல் என்றால் 'நல்லியல்பு' இல்லை

எலக்ட்ரானிக்ஸைத் தமிழில் சொல்லித்தரும் காணொளிகளில் ஆங்கில 'ஐடியல்' (ideal) என்ற சொல்லை மொழிபெயர்த்து 'இலட்சிய மின்தேக்கி' (கண்டன்சர்), 'இலட்சிய மின்தடையம்' (ரெசிஸ்டர்) என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மின்தேக்கிக்கு ஏது இலட்சியம்? ஐடியல் என்பது 'பார்' என்ற கிரேக்க வினையிலிருந்து பிறந்த 'ஐடியா' வழியாக வந்த சொல். முதலில் தோற்றம் என்ற பொருள், பிளேட்டோ கையில் மனத்தால் மட்டும் காணும் வடிவம். இலட்சியமோ வடமொழி 'லக்ஷ்ய', அதாவது இலக்கு. இரண்டும் வேறு.

இதைவிடப் பெரிய சண்டை எனக்கு 'நல்லியல்பு' மேல்தான். பாடநூலில் 'நல்லியல்பு வாயு' என்று வந்து, அங்கிருந்து மின்னணுவியலுக்கும் பரவிவிட்டது. தமிழ்ச்சொல்தான், கேட்கவும் நன்றாக இருக்கிறது, ஆனால் 'நல்ல' உள்ளே புகுந்ததும் பேச்சு தரத்தைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. ஐடியல் மின்தடையம் உயர்தரச் சரக்கு இல்லை. தடை மட்டுமே இருக்கும், தூண்டலோ (இண்டக்டன்ஸ்) தேக்கமோ (கெப்பாசிட்டன்ஸ்) துளியும் இராது, சூடானாலும் மதிப்பு மாறாது என்று கணக்குக்காக மனத்தில் வைத்துக்கொண்ட பொருள் அது. கடையில் வாங்கும் ரெசிஸ்டரில் தங்கநிறப் பட்டை இருந்தால் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் என்றால் சாதாரணமாக 20 சதவீதம். அதிலும் மின்கசிவு உண்டு, உள்தடை உண்டு, உள்ளே இருக்கும் திரவம் காயக் காய அந்தத் தடை ஏறி ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் செட்டை ஓட்டும் ரேடியோ செட்டுக்காரரிடம் கேளுங்கள், சொல்வார்.

"டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஐடியல் கண்டன்சர் ரெண்டு வாங்கிட்டு வாடா" என்று புதுப் பையனை அனுப்பிக் கேலி செய்யலாம். 'நல்லியல்புக் கண்டன்சர்' என்று சொன்னால் கேலியே எடுபடாது, நல்ல கண்டன்சர்தான் கடையில் கிடைக்குமே!

ஆடியோ வியாபாரம் பிழைப்பதும் இந்தக் குழப்பத்தில்தான். ஆக்சிஜன் நீக்கிய செம்பு, தங்கமுலாம், கம்பியில் அம்புக்குறி, எல்லாம் 'ஐடியலுக்குப் பக்கத்தில்' கொண்டுபோகுமாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள சாதாரணச் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 0.017 ஓம் தடை. ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், 0.17 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது அற்பம், அதையும் குறைக்க வேண்டுமானால் கொஞ்சம் தடித்த கம்பி போதும். தங்கமுலாம் களிம்பு ஏறாமல் காக்கும், அவ்வளவுதான். மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கத்தைச் செம்பு முந்திவிடும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழாவுக்குத் தெருத் தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் கம்பியில் தடை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, 100 வோல்ட் லைனில் மின்னழுத்தத்தை ஏற்றி, மின்னோட்டத்தைக் குறைத்து இழப்பைச் சமாளிக்கிறார்கள். இதுதான் பொறியியல்.

சரி, எது சரியான சொல்? 'கருத்துநிலை'. காட்சிப்பொருள், கருத்துப்பொருள் என்று பிரித்துப் பேசுவது நமக்குப் பழக்கம்தானே. கருத்துநிலை மின்தேக்கி, நடைமுறை மின்தேக்கி என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மயக்கம் வராது. 'கருத்தியல்' வேண்டாம், அது அரசியல் சித்தாந்தத்துக்குப் போய்விட்டது. கருத்துநிலை நீளமாக இருக்கிறது என்றால் 'ஐடியல்' என்றே எழுதுங்கள், தப்பான தமிழுக்குக் கடன்சொல் எவ்வளவோ மேல். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள் பாடத்தின் அடுத்த வரியையாவது படிக்க வேண்டும். அப்புறம், பாடநூலின் அந்த 'நல்லியல்பு வாயு'வையும் மாற்றிவிடலாம். மூலக்கூறுக்குப் பருமன் கிடையாது, ஒன்றுக்கொன்று ஈர்ப்பும் கிடையாது என்று வைத்துக்கொள்கிற வாயுவில் 'நல்ல' இயல்பு எங்கே இருக்கிறது?