இருவாச்சியின் ஈரல்

நல்ல சுகத்தோடு இருக்கும் பறவையின் ஈரல் கருஞ்சிவப்பாக, விளிம்பு கூராக இருக்கும். அன்று என் மேசையில் கிடந்தது அப்படி இல்லை. வீங்கி, விளிம்பு மழுங்கி, மாதக்கணக்கில் துலக்காமல் விட்ட பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்தில் இருந்தது. வயிற்றுக்குள் மஞ்சள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இறந்தது ஒரு பெண் இருவாச்சி, பெரிய வளைந்த அலகுள்ள காட்டுப் பறவை. இந்த வகையில் கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோல் இருந்தால் பெண். ஆணுக்கு அந்த வெள்ளை இராது.

கொண்டுவந்தவர் உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றார். "டொக்டர், நான் ஒரு குறையும் வைக்கேல்ல. நாங்கள் சாப்பிட முதல் அதுக்குத்தான் வைப்பம்" என்றார். அவர் சொன்னது உண்மை. தட்டில் என்னென்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். தினமும் கோழி ஈரல், ஊறவைத்த நாய் பிஸ்கட், தோடம்பழம், கொய்யாப்பழம், அதற்கு மேல் கொஞ்சம் விற்றமின் சிரப். அவர் சொல்லச் சொல்ல என் தலை குனிந்துகொண்டே போனது. அந்தத் தட்டில் ஈரலைத் தொடக்கிவைத்தவன் நான்.

திருகோணமலையில் வேலை தொடங்கிய புதிது. கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்கு மக்கா கிளி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள வசதியாக முற்றத்தில் வரிசையாகக் கூடுகள். கொனூர் கிளிகள், ஒரு சாம்பல் ஆபிரிக்கக் கிளி, இரண்டு மலை மைனா. கடைசிக் கூட்டில் இந்த இருவாச்சி. காட்டில் விழுந்து கிடந்த குஞ்சை யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம். மெலிந்திருந்தது. "சத்துக் காணாது, ஈரல் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாய்க்கும் பூனைக்கும் சொல்லிப் பழகிய வாய். இருவாச்சி வைத்திருப்பது சட்டத்துக்கு மாறு என்று தெரிந்தும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அன்றே நான் அறிவிக்கவில்லை. இரண்டும் என் பிழை. இதை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

இருவாச்சி காட்டில் என்ன சாப்பிடுகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அதன் முக்கிய சாப்பாடு ஆல், அரசு, அத்தி மாதிரியான மரங்களின் பழம். இடைக்கிடை பூச்சி, பல்லி, சின்னக் குஞ்சுகள். நாக்கு கட்டையானது, அலகின் நுனிக்கு எட்டாது. அதனால் பழத்தை நுனியால் பிடித்து, தலையை அண்ணாந்து, மேலே எறிந்து தொண்டையில் ஏந்திக்கொள்ளும். கந்தளாய்ப் பக்கத்துக் காட்டோரம் ஆலமரம் பழுத்திருக்கும்போது போய் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது வருவதற்கு முன்பே செட்டையின் இரைச்சல் வந்துவிடும்.

காட்டுப் பழங்களில் உடம்பில் சேரக்கூடிய இரும்புச்சத்து குறைவு. அந்தச் சாப்பாட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பறவையின் குடல், கிடைக்கிற இரும்பை விடாமல் உறிஞ்சப் பழகிவிட்டது. எங்கள் குடல் போதும் என்றால் கதவைச் சாத்தும். இருவாச்சியின் குடலும், அதைப் போலப் பெரிய அலகுள்ள அமெரிக்கக் காட்டுப் பறவையான டூக்கானின் குடலும், மைனாவின் குடலும் அந்தக் கதவைச் சரியாகச் சாத்துவதில்லை. உள்ளே போன இரும்பை வெளியே தள்ளவும் உடம்புக்குத் தனி வழி கிடையாது. அது ஈரலில் படியும், பிறகு இருதயத்திலும் படியும். 100 கிராம் வாழைப்பழத்தில் இரும்பு 0.3 மில்லிகிராம் அளவில்தான். அதே எடைக் கோழி ஈரலில் ஏறத்தாழ 9 மில்லிகிராம். நாய் பிஸ்கட்டில் இரும்பைத் தனியாகவே சேர்க்கிறார்கள். தோடம்பழத்திலும் கொய்யாவிலும் உள்ள விற்றமின் சி அந்த இரும்பை இன்னும் வேகமாக உள்ளே இழுத்துவிடும். அந்த விடுதித் தட்டில் ஒன்றுக்கொன்று கைகொடுத்தது எல்லாமே விஷமாகிப்போனது.

இந்த நோயில் கொடுமை என்னவென்றால், பறவை கடைசி வரை காட்டிக்கொள்ளாது. காட்டில் நோயைக் காட்டினால் பருந்து கொண்டுபோய்விடும். கூட்டுக்குள்ளும் அந்தப் பழக்கம் மாறாது. வயிறு ஊதி, மூச்சுக்கு வால் மேலும் கீழும் ஆடத் தொடங்கும்போதுதான் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். அப்போது ஈரலில் மிச்சம் அதிகம் இருக்காது.

நேரத்துக்குக் கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு. உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு இரத்தத்தைக் கிழமைக்கு ஒருதடவை எடுப்போம். இழந்த இரத்தத்தைத் திரும்ப ஊற வைக்க உடம்பு ஈரலில் கிடக்கும் இரும்பைச் செலவழிக்கும். டெஃபெரோக்சமின் என்ற ஊசியும் இருக்கிறது. தலசீமியா பிள்ளை உள்ள வீட்டாருக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அடிக்கடி இரத்தம் ஏற்றியதால் சேரும் இரும்பை எடுக்க அதே மருந்துதான். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் இரும்பு சேராது என்று கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். தேயிலையின் துவர்ப்புக்கு அந்தக் குணம் உண்டு. மிருகக்காட்சிச்சாலைப் பறவைகளிலும் அதைப் பரிசோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். அதற்காக வீட்டில் யாரும் மைனாவுக்குத் தேத்தண்ணி பருக்க வேண்டாம். அளவு தெரியாமல் செய்கிற வேலை இல்லை அது.

மற்றப் பறவைகளுக்கும் தட்டுத்தான் பிரச்சினை, ஆனால் வேறு விதமாக. சாம்பல் ஆபிரிக்கக் கிளிக்குச் சூரியகாந்தி விதை மட்டும் போட்டு வளர்த்தால் விற்றமின் ஏ குறைந்து மூக்கடைக்கும், கல்சியம் குறைந்து வலிப்பு வரும். அவகாடோ கிளிகளுக்கு நஞ்சு. துண்டு சின்னது என்று கொடுக்கக்கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் எழும் புகை, பக்கத்து அறையில் இருக்கும் கிளியையும் நிமிடக் கணக்கில் கொல்லும். கிளி வளர்க்கும் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி ஒன்று உண்டு. அதற்கு மருந்தும் உண்டு, ஆனால் நீங்கள் சொன்னால்தான் டொக்டருக்கு அந்த யோசனை வரும்.

இனி "விழுந்து கிடந்த குஞ்சு" என்ற கதைக்கு வருகிறேன். இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் போனதும் எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருந்தபடியே தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடும். ஆண் பறந்து பறந்து பழம் கொண்டுவந்து அந்தக் கீறலால் ஊட்டும். குஞ்சு பறக்கிற பருவம் வரும் வரை வாசல் அடைத்தே இருக்கும். இறகு முளைக்காத குஞ்சு அந்தச் சுவருக்குள்ளிருந்து எப்படி விழும்? காற்றில் மரமே முறிந்திருந்தால் ஒழிய, யாரோ ஒருவர் மரம் ஏறிச் சுவரை உடைத்திருக்கிறார். அந்த நேரத்தில் தாய்க்குப் பறக்க இறகு இல்லை. ஆணைக் கண்ணி வைத்துப் பிடித்தாலோ, உள்ளே இருக்கிற குடும்பமே பட்டினி கிடந்து சாகும். இலங்கையில் இருவாச்சி இரண்டு வகை. அதில் இலங்கைச் சாம்பல் இருவாச்சி உலகத்தில் வேறெங்கும் இல்லை.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இரண்டையும் பாதுகாக்கிறது. வெளிநாட்டுப் பறவைகளுக்கு, அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை இருக்கிறது. இலங்கை 1979 இல் அதில் சேர்ந்தது. சாம்பல் ஆபிரிக்கக் கிளியை 2016 இல் மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு ஏற்றினார்கள். காட்டில் பிடித்து விற்று விற்றே அந்த இனம் அருகிப்போனதுதான் காரணம். கடைக்காரர் பத்திரம் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். இதில் இரக்கம் பார்த்து வாங்கி வளர்ப்பதும் அடுத்த குஞ்சைப் பிடிக்கக் கொடுக்கிற காசுதான்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: கூட்டுக்குள் பிஸ்கட்டோ தோடம்பழச் சுளையோ போடாதீர்கள். ஒழுங்காக நடத்தும் மிருகக்காட்சிச்சாலையில் இருவாச்சிக்கு இரும்பு குறைந்த உணவை எடை பார்த்துக் கொடுப்பார்கள். பொந்துக்குப் பதில் மரப்பீப்பாய் வைத்து, பக்கத்தில் சேறும் வைத்தால் அங்கேயும் பெண் வாசலை அடைத்து முட்டையிடும். அவ்வளவு கவனத்தை ஒரு கை பிஸ்கட் கெடுத்துவிடும்.

அடிபட்ட இருவாச்சி கண்ணில் பட்டால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றுத் துளையிட்ட பெட்டியில் இருட்டாக வைத்து, திணைக்களத்துக்கோ பக்கத்து மிருக வைத்தியசாலைக்கோ உடனே சொல்லுங்கள். அலகு விரலை நசுக்கிவிடும். துவாயால் போர்த்துத்தான் தூக்க வேண்டும்.

விடுதிக்காரர் அன்று ஈரலைப் பார்த்தார். நான் முதலில் என் பிழையைச் சொன்னேன். அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "மைனாவுக்கும் இதுதான் குடுக்கிறன்" என்றார். அன்று மாலையே போனேன். ஒன்றுக்கு வயிறு ஊதத் தொடங்கியிருந்தது. இப்போது ஈரலும் பிஸ்கட்டும் நிறுத்தியாகிவிட்டது. வாழைப்பழமும் அவித்த வத்தாளங்கிழங்கும் சின்னச் சதுரமாக வெட்டி வைக்கிறார், தான் வைத்ததை ஒரு கொப்பியில் எழுதுகிறார். கடைசியாக நிறுத்தபோது மைனாவின் எடை 190 கிராம். கிழமைக்கு எடுக்கிற இரத்தம் இரண்டு மில்லிலீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தது வருகிற செவ்வாய்க்கிழமை.