கேஜ்: எண் ஏற ஏற மெலியும் அளவு

விழித்திரை அறுவைச் சிகிச்சைக்காகப் பெரியப்பாவைச் சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். "உங்களுக்கு 25 கேஜ்" என்று சொல்லிவிட்டு ஆலோசகர் அடுத்தவரிடம் போய்விட்டார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு 23. பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. "அவருக்கு 23 போதுமாம். எனக்கு ஏன் 25? என் கண் அவ்வளவு கெட்டுவிட்டதா?"

அவர் முப்பது ஆண்டு நூல் வியாபாரம் செய்தவர். "பெரியப்பா, 40ஆம் நம்பர் நூலுக்கும் 80ஆம் நம்பர் நூலுக்கும் எது மெல்லிசு?" என்று கேட்டேன். இழையைச் சோதிப்பது போலக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாக உரசிக்கொண்டன. பதில் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

பருத்தி நூலில் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் (நூல் கட்டு) நிற்கிறது என்பதே நம்பர். சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம். நூல் மெலிய மெலியச் சிட்டங்கள் கூடும், எண்ணும் ஏறும். கேஜின் கதையும் இதற்கு நெருங்கியதுதான். பழைய பிரெஞ்சில் அளவுகோலைக் குறித்த சொல் அது. பின்னர் ஆங்கிலக் கம்பித் தொழிலுக்குள் வந்தது. கம்பியை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் வழியே இழுப்பார்கள். நம் பொற்கொல்லர்களின் கம்பியச்சும் அப்படிப்பட்டதே. அதிகத் துளைகளைக் கடந்த கம்பி அதிக எண் பெற்றது, அதிகம் மெலிந்தது. பர்மிங்காம் கம்பி அளவையிலிருந்து இந்த எண்கள் ஊசிக்கும், ஊசியிலிருந்து கண் அறுவைக் கருவிக்கும் வந்தன.

சென்னைக்காரர்களுக்குக் கூடுதல் குழப்பம் உண்டு. 1931 முதல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடிய மின்சார ரயிலால் 'மீட்டர் கேஜ்' நமக்குப் பழகிய சொல். அங்கே கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். அளவு கூடினால் பாதை அகலும்.

இந்தக் கண் அறுவைக் கருவியால், விழித்திரைக்கு முன்னால் கண்ணை நிறைத்திருக்கும் கூழ் போன்ற பொருளை அகற்றுவது விட்ரெக்டமி. கண்ணாடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். 'கண்ணாடிக்கூழ் நீக்கம்' எனலாம். 1970களின் தொடக்கத்தில் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர் இதற்குப் பயன்படுத்திய கருவி 17 கேஜ். பிறகு 20 நிலைத்தது: சுமார் 0.9 மில்லிமீட்டர், வெண்விழியில் தையல் தேவை. 23 என்பது 0.6, 25 என்பது 0.5, 27 என்பது 0.4 மில்லிமீட்டர்.

துளை சிறுத்தால் பெரும்பாலும் தையலின்றியே மூடிக்கொள்ளும், உறுத்தல் குறையும். ஆனால் மெலிவுக்கும் ஒரு விலை இருந்தது. தொடக்க கால 25 கேஜ் கருவிகள் வளைந்தன. நேராகக் குத்திய துளைகள் கசிந்து கண்ணழுத்தம் இறங்கியது. தொற்று அச்சமும் எழுந்தது. துளையைச் சாய்வாக இடும் பழக்கம் வந்தபின் கசிவும் தொற்று அச்சமும் குறைந்தன. கசிந்தால் இன்றும் ஒரு தையல் போடுவார்கள். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பதால் விழித்திரையைத் தாங்கக் கண்ணுக்குள் நிரப்பும் சிலிக்கான் எண்ணெயைச் செலுத்த நேரம் பிடிக்கும். சிகிச்சைக்குப் பின் கண்புரை முற்றுவதோ எந்தக் கேஜிலும் உண்டு. இவற்றைப் 'பக்கவிளைவு' என்று எழுதுவது தவறு. அது மருந்துக்குரிய சொல். அறுவையில் நேர்வது 'சிக்கல்'.

கேஜுக்குத் தமிழில் என்ன? 'மானி', 'அளவி' இரண்டும் அளக்கும் கருவியைச் சொல்பவை. அழுத்தமானிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தா. ரயிலுக்குப் 'பாதை அகலம்' போதும். கம்பி, ஊசி, அறுவைக் கருவிக்கு நான் முன்வைப்பது 'நுண்ணெண்'. எண் கூடினால் நுண்மை கூடும் என்று சொல்லே காட்டிவிடுகிறது. ஒப்புதல் படிவத்தில் 'அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவி' என்றும் சேர்த்து எழுதினால் எந்த நோயாளியும் பயப்பட மாட்டார்.

அன்று மாலை பெரியப்பா தன் பழைய கடைக் கூட்டாளியிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்குத்தான் ஆபரேஷன். எனக்கு நைஸ் நம்பர் போடுகிறார்கள்."