முன்னாள் ராணுவத்தினரின் முதுகுவலி: அக்குபஞ்சர் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்

வேலூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் எங்களுக்கு, முன்னாள் ராணுவத்தினர் வராத வாரமே கிடையாது. இவர்களிடம் "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று நான் கேட்பதில்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், "ரெண்டு இருக்கும் மேடம்" என்றார். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "மூணு வருஷம்."

வருடக்கணக்காகப் பாரம் சுமந்து மலையேறிய முதுகு அது. மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி வலியைத் தணிக்கும் அக்குபஞ்சருக்கு அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார். ஊசி எடுத்ததும் இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி. அந்த இரண்டு நாளும் என்ன செய்வீர்கள் என்றேன். "ரெஸ்ட்தான் மேடம்."

கோட்டை விட்டது அங்கேதான். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் சாதாரண அசைவைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். பயந்து அசையாமல் இருக்க இருக்கத் தசை இளைக்கும், வலி கூடும். அக்குபஞ்சர் சில மணி நேரமோ சில நாளோ வலியைத் தணிக்கலாம். இளைத்த தசையை அது வளர்க்காது. தணிந்திருக்கும் அந்த நேரத்திலேயே உடம்பை அசைத்துப் பழக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியவற்றில் உடற்பயிற்சி, அக்குபஞ்சர் இரண்டுமே உண்டு. ராணுவத்துக்கும் அக்குபஞ்சர் புதிதல்ல: வலிக்காகக் காதில் ஐந்து இடங்களில் சிறு ஊசி வைக்கும் முறையை 2001-ல் உருவாக்கிய ரிச்சர்ட் நீம்சோ, அமெரிக்க விமானப்படை மருத்துவர்.

நம் ஹவில்தாருக்கு, அக்குபஞ்சர் ஊசி எடுத்த அன்று மாலையே லேசான பயிற்சி: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. ராணுவத்தினரிடம் ஒரு சிரமம், பத்து என்றால் ஐம்பது செய்துவிடுவார்கள். மறுநாள் வலி ஏறிவிடும். "பத்தோடு நிறுத்துவதும் ஆர்டர்தான் ஐயா" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசிதானா என்று தயங்காமல் கேளுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மூன்று மாதம் ஆகிறது. அவர் இப்போது தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எழும்போது மட்டும் இன்னும் மனைவியின் தோள் வேண்டியிருக்கிறது. இந்த வாரத்திலிருந்து அதைத்தான் பழகுகிறோம்.